பறியில் ஒன்று, கரையில் ஒன்பது

பழவேற்காடு ஏரியில் என் கை படாத சேறு கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை. வலையில்லாமல், படகில்லாமல், தண்ணீருக்குள் மண்டிபோட்டு நகர்ந்துகொண்டே அடிச்சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறி உண்டு. பறிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். கயிறு வாயில் இருக்கிறவரைக்கும் பேச முடியாது. எங்கள் வீட்டு ஆண்கள் அந்த நேரத்தைத்தான் நாளிலேயே நல்ல நேரம் என்பார்கள்.

நாங்கள் பிடிக்கிற இடம் இரண்டு. கரையை ஒட்டி மணல்வாய். அதைத் தாண்டி நடந்தால் கருஞ்சேறு. இந்தப் பெயர்களெல்லாம் நாங்கள் வைத்தவை, எந்தக் காகிதத்திலும் இருக்காது. காகிதத்தில் இல்லாததுதான் வினையாக வந்தது.

ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டே போகிறதென்று அதைத் தோண்டி ஆழப்படுத்த ஏற்பாடு நடந்தது. நல்ல காரியம், நாங்களும் கேட்டதுதான். ஆனால் தோண்டுகிற சேற்றை எங்காவது கொட்ட வேண்டுமே! மீன்பிடிப்பு நடக்காத இடத்தில் கொட்டலாம் என்று முடிவாகி, அதற்கு ஒரு வரைபடம் போட்டார்கள். வலைக்காரர்களுக்கு ஊரில் முறைவைத்து எழுதின இடங்கள் உண்டு, அவை படத்தில் ஏறிவிட்டன. எங்கள் கருஞ்சேறு வெள்ளையாக, ஒன்றுமே இல்லாத இடமாக இருந்தது. அதன்மேல் சிவப்பில் ஒரு கட்டம். அங்கேதான் கொட்டப் போகிறார்கள்.

நான் ஆபீசுக்குப் போய் நின்றேன். "நாங்க அங்கதான் பிடிக்கிறோம்" என்றேன். யாரும் பொய் என்று சொல்லவில்லை. ஆதாரம் வேண்டும் என்றார்கள். கையால் பிடிப்பதற்கு என்ன ஆதாரம்? கையைக் காட்டினேன். சிரித்தார்கள், நல்லவிதமாகத்தான்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு சர்வே பெண்ணை அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட பெண், நடையில் வேகம். என் வீட்டு வாசலில் என்னையும் என் ஓரகத்தியையும் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் போன்களை வாங்கினாள். ஓரகத்தி என் கொழுந்தனார் பெண்டாட்டி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு முப்பது வருடமாக ஒரே பேச்சைப் பேசுகிறோம், அவள் அதைக் கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள். எங்கள் கூட்டத்தில் தொடுகிற போன் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான் இருந்தது, மற்றவர்களுடையது பட்டன் போன். போனில் புதிதாக எந்த ஆப்பையும் இறக்க வேண்டாம், ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாலே போதும் என்றாள் சர்வே பெண். இறால் பிடித்ததும் அந்த இடத்திலேயே நின்று, பறிக்குள் இருப்பதைப் படம் எடுத்து, ஒரு பட்டனை அழுத்த வேண்டும். நாளும் நேரமும் இடமும் தானாக விழுந்துவிடும்.

"ஏரி நடுவுல டவரே எடுக்காது பாப்பா. எடுத்தாலும் ஆந்திரா டவரப் புடிச்சிக்கினு தெலுங்குல பேசும்" என்றேன்.

"நெட் இல்லன்னா கவலையே படாதீங்கம்மா. நீங்க போடுறதெல்லாம் போன்லயே பத்திரமா இருக்கும். வாரம் ஒருமுறை பஸ் ஸ்டாப் பக்கம் டவர் இருக்கிற இடத்துக்கு வந்து இந்தப் பக்கத்தைத் திறந்தீங்கன்னா அதுவா எங்களுக்கு வந்து சேர்ந்துடும்."

"டவரே இல்லாம, நான் எங்க நிக்கிறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"வானத்துல சுத்துற சாட்டிலைட்ட வச்சுத் தெரிஞ்சுக்கும். அதுக்கு நெட் வேணாம்."

ஓரகத்தி விடவில்லை. "வானத்துலேருந்து படம் வரஞ்சவனுக்கே நம்ம சேறு தெரியல. இதுக்கு மட்டும் தெரிஞ்சுடுமாக்கும்!"

விதி இதுதான்: ஓர் இடத்தில் பத்து நாள் பிடித்ததற்குக் குறி விழுந்தால் அது மீன்பிடி இடம். அதன்மேல் சேறு கொட்ட மாட்டார்கள். பழவேற்காட்டில் கூட்டம் போட்டு வரைபடத்தை முடிக்க இருபத்தைந்து நாள் இருந்தது. அதில் பத்து நாள் என்பது எங்களுக்கு ஒரு கணக்கா? மணல்வாய் ஓரகத்திக்கு, கருஞ்சேறு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். என்னோடு மூன்று பெண்கள் வருவார்கள்.

போனைக் கண்ணாடிக் கவரில் போட்டு இறுக்கித் தலைக்கொண்டையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் கொண்டைக்கு வராது. முதல் நாள் ஈர விரலால் தொட்டேன், அது பாட்டுக்கு எங்கெங்கோ போய் என் மருமகனுக்குப் போன் அடித்துவிட்டது. அப்புறம் தலைத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். அழுத்தினதும் பச்சையில் ஒரு வரி வரும். எழுத்துக்கூட்டிப் படித்தேன். சே-மிக்-கப்-பட்-டது. படித்து முடிப்பதற்குள் இரண்டு இறால் தப்பித்திருக்கும். இருந்தாலும் தினமும் படித்தேன்.

இனி என் தவறைச் சொல்கிறேன். நான் செய்ததை நானே சொல்வதுதான் மரியாதை.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஏரியில் இறங்குவதில்லை. அன்றைக்குப் பறிகளையெல்லாம் மணல் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்போம். பழைய வாடை ஒட்டியிருக்கிற பறியோடு இறங்கினால் இறால் கிட்டே வராது. என் மாமியார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். பழவேற்காட்டில் போன் கடைக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார்: "வாரம் ஒருக்கா எல்லாத்தையும் தொடச்சு வுடும்மா, போன் புதுசாட்டம் ஓடும்." மூன்று புள்ளியைத் தொடு, அழி என்கிற இடத்துக்குப் போ, எல்லாக் கட்டத்திலும் டிக் போடு என்று கையைப் பிடித்துக் காட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது மனசுக்கு ஒத்துப்போனது. வாரம் முழுக்கத் தண்ணீரில் இறங்குகிற சாமான்தானே இதுவும்? வெள்ளிக்கிழமை பறியைக் கழுவினேன், போனையும் கழுவினேன்.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்ப் பக்கத்தைத் திறந்தேன். எங்களுக்குக் கொடுத்த நாலு இலக்க எண்ணைக் கேட்டது. போன் முதுகில் ஒட்டி வைத்திருந்தேன், பார்த்துப் போட்டேன். உள்ளே ஒரு வரி: அனுப்ப எதுவும் இல்லை. இல்லையென்றால் என்ன அர்த்தம்? எல்லாம் போய்விட்டது என்றுதானே! திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த வெள்ளியும் இதையே செய்தேன், அடுத்த சனியும் இதையே படித்தேன். ஓரகத்தி போனைத் துடைக்கவே மாட்டாள், அவள் பறியையே அரைகுறையாகத்தான் தேய்ப்பாள். அதற்காக அவளை ஏசியும் இருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து சர்வே பெண் வந்தாள். முகம் சரியில்லை.

"அம்மா, மணல்வாய்க்குப் பன்னெண்டு நாள் வந்திருக்கு. கருஞ்சேத்துக்கு ஒண்ணுகூட இல்ல. நீங்க போகலையா?"

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. "நான் போவலையா? பன்னெண்டு நாளு இடுப்பு வுட்டுப் போவ நகந்துகினு கெடந்தேன். ஒவ்வொரு நாளும் சேமிச்சாச்சுனு பச்சையில சொல்லுச்சு. எங்க போச்சு அதெல்லாம்?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வெள்ளிக்கிழமைக் கதைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"எல்லாம் போன்லதான்மா இருந்தது. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே நீங்க அழிச்சுட்டீங்க. போனது போனதுதான், எங்களால எடுக்க முடியாது."

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேளு யக்கா. பன்னெண்டு நாளு பிடிச்ச இறால மணலு போட்டுத் தேச்சு வெயில்ல காயவச்சிட்ட!"

"நீ சும்மா இருடி." அவளை அடக்கிவிட்டு சர்வே பெண்ணைப் பார்த்தேன். "தப்பு என்னுது, ஒத்துக்கறேன். ஆனா பாதி உன்னுது. போன்லதான் கீதுனா போன்லதான் கீதுனு அது சொல்லணும். சேமிச்சாச்சுனு பச்சையில போட்டா, வேல முடிஞ்சுதுனுதானே நெனப்பாங்க? அனுப்ப ஒண்ணும் இல்லனா, எல்லாம் அனுப்பியாச்சுனுதானே நெனப்பாங்க?"

அவள் வாதாடவில்லை. அது எனக்குப் பிடித்தது. "அப்ப எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்?" என்று கேட்டாள்.

"இதுல புரியாம இருக்க இன்னா கீது? இறால் ஒண்ணு பறியில கீது, இல்ல கரைக்கு வந்து சேந்துச்சு. பறியில இருக்கறவரைக்கும் அது நம்முது இல்ல. பறி கவுந்தா போச்சு, கயிறு அறுந்தா போச்சு. கரையில கொட்டினப்புறம்தான் பிடிச்சோம்னு சொல்லுவோம். எத்தினி பறியில, எத்தினி கரையில, ரெண்டும் காட்டச் சொல்லு."

எழுதிக்கொண்டாள். ரெண்டே நாளில் பக்கம் மாறிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் திறந்தபோது மேலே பெரிய எழுத்தில் இருந்தது: பறியில் 2, கரையில் 0. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்கள் மெதுவாக மாறின. பறியில் 0, கரையில் 2. ஆரம்பாக்கத்துப் பக்கம் போகிற யாரோ ஒருவர், "இன்னாம்மா, லாட்டரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முன்னே நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சர்வே பெண் வந்த அன்று நாளை எண்ணிப் பார்த்தோம். கூட்டத்துக்குச் சரியாகப் பத்து நாள் இருந்தது, கூட்டம் நடக்கிற அன்றைக்குக் காலையையும் சேர்த்து. பத்துக் குறி வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கருஞ்சேறு போய்விடும். சேறு கொட்டினால் திரும்பத் தோண்டித் தரப் போகிறவர் யாருமில்லை. என்னோடு வருகிற மூன்று பெண்களுக்கும் அது வாழ்வு. மணல்வாய் ஒன்றே எல்லோருக்கும் போதாது. நான் என் வாயால் "பிடிச்சுக் காட்டறேன்" என்று சொன்னேன். சொன்னால் செய்வேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பறியைத் தேய்க்காமல் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று பெண்களும் கரையிலேயே நின்றார்கள்.

"இன்னாத்தே இது, வெள்ளிக்கெழம!" என்றாள் ஒருத்தி.

"வெள்ளிக்கெழம போடற குறிய போன் வேணாம்னா சொல்லப் போவுது?"

"இறால் வராதே."

"வரலனா நான் போய் கூட்டியாறேன்" என்றேன். வந்தது. வழக்கத்தைவிடக் குறைவு, ஆனால் வந்தது. இதில் என் மாமியாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேனா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. அந்த வாரத்துக்கு அப்புறமும் வெள்ளிக்கிழமை பறி தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனை மட்டும் தொடுவதில்லை.

தினமும் ஏரியிலிருந்து ஏறினதும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பஸ் ஸ்டாப். ஈரப் புடவையோடு போய் நின்று, கரையில் எண் கூடினதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். ஏழு நாள் ஓடியது.

எட்டாம் நாள் வாடைக்காற்று. தண்ணீர் ஏறிக் கலங்கிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் யாரும் தடவப் போக மாட்டார்கள், அடியில் கை ஊன்றவே முடியாது. மூன்று பெண்களையும் வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஓரகத்தி மட்டும் கரையை ஒட்டிக் கொஞ்சம் தடவி, கைப்பிடி இறாலோடு என்னிடம் வந்தாள்.

"யக்கா, இத உன் பறில கொட்டிக்க. அங்க போயி நின்னு படம் எடுத்துக்க, வந்துடு. எந்த எடத்துல பிடிச்சதுனு இறால் மூஞ்சில எழுதியா கீது?"

"எழுதித்தான்டி கீது" என்றேன். மணல்வாய் இறால் வெளுப்பு. கருஞ்சேற்றில் வளர்ந்தது மேலோடு கறுத்திருக்கும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அப்புறம் நான் ஆபீசில் போய் நிமிர்ந்து நின்று பேசுவது எப்படி?

"பெருமையில முங்கிடப் போற."

"முங்கினா தூக்க நீதான் கீறியே. வா."

வந்தாள், திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு நீளக் கழியை நட்டுப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் அவள் இடுப்பில் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு தடவினேன். அலை முகத்தில் அடித்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. ஒரு நண்டு விரலைக் கவ்விற்று, அதை உதறிவிட்டேன். கடைசியில் நாலு இறால். நாலும் கறுப்பு. விரலைத் துடைக்கிற தலைத்துணிகூட ஈரமாகிவிட்டது. ஓரகத்தி தன் ஜாக்கெட் தோளை நீட்டினாள், அதில் ஒரு ஓரம் காய்ந்திருந்தது. அங்கே துடைத்துவிட்டு அழுத்தினேன்.

"நாலு இறாலுக்கு ரெண்டு பொம்பள" என்றாள். "சொன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பறியில் ஒண்ணு."

ஒன்பதாம் நாள் சாதாரணமாகப் போயிற்று. பத்தாம் நாள் கூட்டம். விடிந்ததும் இறங்கிப் பிடித்து, அழுத்தி, ஏறி, பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அன்றைக்கென்று டவர் படுத்துவிட்டது. போனில் டவர்க்கோடு ஒன்றுகூட இல்லை. நிற்க நேரமில்லை, ஷேர் ஆட்டோ வந்தது, நானும் ஓரகத்தியும் மூன்று பெண்களும் அதே ஈரப் புடவையோடு ஏறிவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். நான் போனை வெளியே தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் ஒரு மண்டபத்தில். சுவரில் பெரிய வரைபடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். நீலத்தில் புள்ளிகள். மணல்வாய் மேல் கூட்டமாக, கருஞ்சேற்றின் மேல் ஒன்பது. முன்னே நின்ற இன்ஜினீயர் வயதான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. நிதானமாகப் பேசினார்.

"ஒன்பதுதாம்மா இருக்கு. பத்துன்னு எல்லாருக்கும் ஒரே விதி. வலைக்காரங்களுக்கும் அதேதான் வச்சோம். உங்களுக்கு மட்டும் மாத்தினா அவங்க கேப்பாங்க."

"மாத்த வேணாம் சார். பத்தாவது கீது. இன்னும் கரைக்கு வரல."

அவருக்குப் புரியவில்லை. சர்வே பெண்ணுக்குப் புரிந்தது. எழுந்து வந்து என் போனைப் பார்த்தாள். பறியில் 1, கரையில் 9. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. மண்டபத்தின் சுவர் கெட்டி, உள்ளே நெட் பிடிக்கவில்லை.

"என் போன் நெட்ட தரட்டுமாம்மா?"

"குடு. ஆனா வெளிய வா."

வாசலுக்குப் போனோம். இன்ஜினீயர் அடுத்த இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கப் போனார். ஓரகத்தி கதவு நடுவில் நின்றுகொண்டு, "சார், அஞ்சு நிமிஷம். எங்கக்கா நாப்பது வருசமா அங்க நிக்கிறா, நீங்க அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டீங்களா?" என்றாள். மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

படம் போக நேரமெடுத்தது. சர்வே பெண் தன் போனை என் போனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அப்படிப் பிடித்தால் சீக்கிரம் போகுமா என்று கேட்டேன், போகாது, பதற்றத்தில் பிடித்திருக்கிறேன் என்றாள். பிடித்ததை நான் பிடித்தேன், அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான் பாக்கி.

பறியில் 0. கரையில் 10.

"போயிடுச்சும்மா!"

"போயிடுச்சுனு என் போன் சொல்லுது. போய்ச் சேந்துச்சுனு அந்தச் சுவரு சொல்லட்டும்" என்று உள்ளே வந்தேன்.

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். வரைபடம் ஒருமுறை வெள்ளையாகி மறுபடியும் வந்தது. கருஞ்சேற்றின் மேல் இன்னொரு நீலப் புள்ளி. என்னோடு வந்த பெண்களில் ஒருத்தி விரல் நீட்டி எண்ணினாள், மண்டபமே அவளோடு சேர்ந்து எண்ணிற்று. பத்து.

இன்ஜினீயர் எழுந்து போய்ப் பார்த்தார். எட்டாம் நாள் புள்ளியைத் தொட்டதும் நாலு இறால் படம் பெரிதாக வந்தது. "இது வாடைக்காத்து அடிச்ச அன்னைக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேஜை மேலிருந்த காகிதத்தில் சிவப்புக் கட்டத்தைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் என்னிடம் கேட்டு 'கருஞ்சேறு' என்று எழுதினார். அந்தப் பெயர் எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. எழுத்துக்கூட்டாமலே எனக்குப் படிக்க வந்தது.

பிறகு பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "சரிம்மா, ஜெயிச்சுட்டீங்க. இப்ப நான் அந்தச் சேத்த எங்க கொட்டுறது? சொல்லுங்க பாப்போம்."

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சுவர் வரைக்கும் நடந்துபோய், விரலை ஒரு இடத்தில் வைத்தேன். கரையோரம் கைவிட்டுப் போன பழைய இறால் குட்டை. மருந்து போட்டுப் போட்டு அந்தச் சேறு செத்துப்போய் வருடங்கள் ஆகின்றன. நான் தடவிப் பார்த்திருக்கிறேன், ஒரு புழுகூடக் கையில் தட்டாது.

"அது குட்டைன்னு பதிவாயிருக்கேம்மா."

"பதிவு அப்படித்தான் சொல்லும். நாளைக்கு வாங்க, கையை வுட்டுப் பாருங்க."

"நானா?"

"பின்ன நானா? எனக்குத்தான் தெரியுமே."

மண்டபம் மறுபடி சிரித்தது. அவர் டைரியை எடுத்தார், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"தண்ணி எறங்கினப்புறம் வாங்க சார்" என்றேன். "செருப்பு வாணாம், அந்தச் சேத்துல நிக்காது."